எது குற்றம்? தோட்டமும் சட்டமும்

கொலை குற்றம், களவு குற்றம் என்று சொன்னால் மறுப்பார் இல்லை. ஆனால், உடம்பு முடியவில்லை என்று ஒருவர் விடியற்காலைப் பிரட்டுக்குப் போகாமல் லயத்திலேயே படுத்துவிடுகிறார், மறுநாளும் போகவில்லை. இது குற்றமா? கங்காணியோடு மனத்தாங்கல் ஏற்பட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு நடந்துவிடுகிறார் இன்னொருவர். அவரைப் பிடித்துச் சிறையில் அடைக்கலாமா? இன்று இப்படிக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இவை சிரிக்கத் தக்கவையாக இருக்கவில்லை. இவற்றுக்காகச் சிறை சென்றவர்கள் நம் மக்களுள் உண்டு. குடும்பங்களில் அந்தப் பேச்சு எழுந்தால், "தாத்தா ஜெயிலுக்குப் போனவர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். என்ன செய்தார் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் கேட்கப் போகிறோம்.

நெகிரி செம்பிலானில் காப்பியும் பால்மரமும் வருவதற்கு முன்பே அங்கே ஒரு சட்டம் இருந்தது. சுமத்திராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்கள் தம்மோடு கொண்டுவந்த அடாட் பெர்பாத்தே என்னும் வழக்கம் அது. தாய்வழியில் நிலம் இறங்குவதும், மக்கள் பன்னிரண்டு சுக்குகளாக, அதாவது குலங்களாகப் பிரிந்திருப்பதும் அதன் சிறப்புகள். குலத்துக்கு லெம்பாகா என்னும் தலைவர். அவருக்கு மேலே உண்டாங். இந்த வழக்கத்தில் குற்றம் என்பது பெரும்பாலும் ஒரு குலத்துக்கு இன்னொரு குலம் இழைத்த நட்டமாகவே கருதப்பட்டது. காயப்படுத்தினால் ஈடு கொடுக்க வேண்டும். கொன்றுவிட்டால் கூட, கொன்றவனுடைய குலம் இழந்த குலத்துக்கு ஓர் ஆளைக் கொடுத்து அந்த இடத்தை நிரப்பலாம் என்ற முறை இருந்தது. தண்டிப்பதைவிடக் குறைந்ததை நிறைவாக்குவதே அதன் நோக்கம். இதே மலாய் உலகில் அடாட் தெமெங்கோங் என்ற மற்றொரு வழக்கம், மன்னனின் பெயரால் உறுப்பைக் குறைப்பதையும் உயிரை வாங்குவதையும் விதித்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் விட்டுவந்த தமிழ் ஊர்களிலும் இதற்கு ஒத்த ஒரு நிலை இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து கூடும், அபராதம் போடும், மீறினால் ஊர்விலக்கு. சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பெரும்பாதகம் செய்தவனையும் பிறர் பொருளைக் கவர்ந்தவனையும் சபைக்கு ஆகாதவர் என்று ஒதுக்கும் அந்தக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய உறவினரையும் சேர்த்தே ஒதுக்குகிறது. பாவமும் குற்றமும் அங்கே அருகருகே நிற்கின்றன. ஆனால் பழமை என்றதும் மயங்கிவிடக் கூடாது. பஞ்சாயத்தின் தராசு எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. மேல்சாதிக்காரர் செய்தால் மன்னிப்பு, பண்ணையாள் செய்தால் புளியமரத்தில் கட்டிவைத்து அடி. தோட்டங்களுக்கு வந்த நம் மக்களுள் பலர் அந்த அடிக்குத் தப்பித்தே கப்பல் ஏறினார்கள் என்பதை மறக்கலாகாது.

இனிக் கொஞ்சம் இங்கிலாந்துக்குப் போய் வருவோம். தோட்டத்துக்கும் இங்கிலாந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். துரைமார் தம்மோடு கொண்டுவந்தது காப்பி விதையும் ரப்பர்க் கன்றும் மட்டும் அல்ல. வேலை பற்றிய ஒரு சட்டத்தையும் கொண்டுவந்தார்கள்.

அங்கே பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் குற்றப் பட்டியல் வேறு மாதிரி இருந்தது. தெய்வ நிந்தை குற்றம். சூனியம் வைப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். வேலை இல்லாமல் ஊர் ஊராகத் திரிவதும் சவுக்கடிக்குரிய குற்றமே. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தப் பட்டியல் மாறத் தொடங்கியது. 1730களில் சூனியச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் 1723இல் வந்த கறுப்புச் சட்டம் என்பது, காட்டு மானைக் கொல்வது, மரத்தை வெட்டுவது போன்ற பல செயல்களுக்குத் தூக்குத் தண்டனை வைத்தது. ஆவிக்கும் பேய்க்கும் அஞ்சிய சட்டம், சொத்துக்காக அஞ்சத் தொடங்கியது எனலாம்.

இதிலும் கவனிக்க வேண்டியது, பழைய உரிமைகள் களவாக மாறியதுதான். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரை ஏழைகள் பொறுக்கிக்கொள்வது அங்கே நெடுங்கால வழக்கம். 1788இல் ஒரு நீதிமன்றம், அப்படி ஓர் உரிமை சட்டத்தில் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. கப்பல் கட்டும் துறையில் தச்சர்கள் மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்துச் செல்வது கூலியின் ஒரு பகுதியாகவே இருந்தது. அதைக் களவு என்று கருதத் தொடங்கி, 1801இல் அந்த வழக்கத்தை ஒழித்து அதற்குப் பதிலாகக் காசு கொடுத்தார்கள். நம் ஊர்க் களத்து மேரையை நினைத்துப் பார்த்தால் இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். பொருளாக வந்த பங்கு நின்றுபோய், எண்ணிக் கொடுக்கும் கூலி ஒன்றே கூலி என்றானது. அந்தக் கூலிக்கு வெளியே கையில் எடுத்தது எல்லாம் திருட்டு என்றும் ஆனது.

வேலையும் அப்படியே. எஜமானனும் ஏவலாளும் பற்றிய 1823ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்புக்கொண்ட வேலையை விட்டுப் போன தொழிலாளியை மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்பலாம். கூலி கொடுக்காத முதலாளியோ வெறும் கடன்காரர். அவர்மேல் தொழிலாளி வழக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒரே ஒப்பந்தம், ஒருவன் மீறினால் குற்றம், மற்றவன் மீறினால் பாக்கி! 1850களின் பிற்பகுதி முதல் 1875 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டுக்குச் சுமார் 10,000 தொழிலாளர்கள்மேல் இவ்வாறு வழக்கு நடந்தது. ஆலைத் தொழிலாளரின் நீண்ட போராட்டத்தின் பயனாக 1875இல் அந்தத் தண்டனை ஒழிந்தது.

இங்கிலாந்தில் ஒழிந்தது, நமக்கு ஒழியவில்லை. இந்தியாவில் 1859இல் ஒரு சட்டம் வந்திருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத தொழிலாளியை, பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் கட்டளையிடலாம். மறுத்தால் 3 மாதம் வரை கடுங்காவல். மெக்காலே வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 492ஆம் பிரிவு இன்னும் நேராகவே பேசியது. எஜமானனின் செலவில் தொலைவான இடத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தொழிலாளி, எழுத்து ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையைத் தானாக விட்டுப் போனால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது பயணச் செலவைப் போல் இரு மடங்கு வரை அபராதம். இந்தத் தண்டனைச் சட்டத்தைத் தழுவியே 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றுக்குச் சட்டம் செய்தார்கள். பின்னர் மலாய் மாநிலங்களும் அதை எடுத்துக்கொண்டன. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாதி பார்த்துத் தண்டனை வேறுபட்ட நாட்டில், எல்லாருக்கும் ஒரே பிரிவு, ஒரே தண்டனை என்று எழுதிவைத்தது அந்தச் சட்டத்தின் பெருமை. அதே புத்தகத்தில்தான் 492ஆம் பிரிவும் இருந்தது.

சுங்கை ஊஜோங்கில் ஆங்கிலேயர் 1874இல் நுழைந்தார்கள். 1880களில் அங்கே காப்பித் தோட்டங்கள் எழுந்தன. காப்பியில் தொடங்கிப் பின்னாளில் பால்மரத்துக்கு மாறிய தோட்டங்களுள் ரந்தாவ் வட்டாரத்து லின்சம் தோட்டமும் ஒன்று. 1884 முதல் ஒப்பந்தக் கூலிகளை மலாய் மாநிலங்களுக்குக் கொண்டுவர இந்திய அரசு இடம் தந்தது. ஒப்பந்தம் என்றால், கப்பல் செலவைத் தோட்டம் கொடுக்கும். அதற்கு ஈடாக இத்தனை ஆண்டு அந்தத் தோட்டத்திலேயே உழைக்க வேண்டும். இப்படி மலாயாவுக்கு 1910 வரை வந்தவர்கள் சுமார் 2,50,000 பேர் என்று கணக்கிட்டுள்ளார்கள். இவர்களுக்கு வேலைக்கு வராமல் இருப்பது குற்றம். சொல்லாமல் போய்விடுவது அதைவிடப் பெரிய குற்றம். அதற்குச் சட்டம் வைத்த பெயர், படையை விட்டு ஓடும் சிப்பாய்க்கு வைத்த அதே பெயர்தான். கைரேகை வைத்துவிட்டு வந்த நம் மக்கள் எந்தப் படையிலும் சேர்ந்தவர்கள் அல்லர்.

துரைமார் தரப்பையும் கேட்பது முறை. பால்மரம் விடியற்காலையில்தான் நன்றாகப் பால் சுரக்கும். வெயில் ஏற ஏற மரத்தின் உள் அழுத்தம் குறையும், பால் சுருங்கும். ஆகவே பிரட்டுக்கு ஆள் வராவிட்டால் அவருடைய நிரை மரங்களின் அன்றைய பால் போனதுதான். பிற்பகலில் வந்து அதைச் சரிக்கட்ட முடியாது. பயணத்துக்குக் கொடுத்த பணமும் போய்விடும். அடுத்த தோட்டத்துக் கங்காணி ஆசை காட்டி இழுத்துக்கொள்வார். நட்டம் உண்மையான நட்டமே. ஆனால் வியாபாரத்தில் நட்டப்படுகிறவர் எல்லாரும் எதிராளியைச் சிறைக்கு அனுப்புவதில்லை. கடன் கொடுத்த செட்டியார் கோர்ட்டில் வழக்குப் போடுவார், அவ்வளவுதான். தோட்டத்துக்கு மட்டும் போலீசும் சிறையும் துணை நின்றன.

ஓடிப்போவது குற்றம் என்பது மலாய் மண்ணுக்கு முற்றிலும் புதியது என்றும் சொல்ல முடியாது. மலாக்கா சுல்தான்கள் காலத்து உண்டாங் உண்டாங் மெலாக்காவில் ஓடிப்போன அடிமை பற்றியும் அவனை ஒளித்துவைப்பவன் பற்றியும் விதிகள் இருக்கின்றன. அங்கே ஓடுகிறவன் அடிமை. அவன் ஆண்டானின் உடைமை. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் ஆனது. அடிமை செய்தால் குற்றமாக இருந்த ஒன்று, அடிமை ஒழிந்த பிறகு, சுதந்திர மனிதன் என்று சொல்லப்பட்ட கூலிக்காரனின் குற்றமாக எழுதப்பட்டது. இதுவே இந்த வரலாற்றின் மையம் என்பது நம் எண்ணம்.

தோட்டத்தில் வேறு புதுக் குற்றங்களும் உண்டு. மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலும், வெட்டிய கோட்டில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலும் பார்வைக்குக் குப்பை போலத்தான் இருக்கும். அதில் ஒரு பிடியை மடியில் கட்டிச் சென்றால் களவு. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. வேலைக்காரன் எஜமானனின் பொருளைத் திருடினால் 7 ஆண்டு வரை. ஒரே பொருள்தான், எடுத்தவனுக்கும் உடையவனுக்கும் உள்ள உறவே தண்டனையை இரு மடங்குக்கு மேல் ஆக்குகிறது. கள்ளின் கதையும் வேடிக்கை. தோட்டத்துக் கள்ளுக்கடையில் உரிமம் பெற்று விற்ற கள்ளைக் குடித்துச் சம்பளத்தை அங்கேயே தொலைத்தால் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. லயத்துக்குப் பின்னால் பானை வைத்துச் சம்சு காய்ச்சினால் போலீஸ் வரும். குடியின் கேட்டை எண்ணி வந்த வேறுபாடு அல்ல இது. வரியை எண்ணி வந்தது. இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. உலக மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது 1934இல் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி புதிதாகப் பால்மரம் நடுவது தடை செய்யப்பட்டது. தன் சொந்த நிலத்தில், தன் கையால் ஒரு ரப்பர்க் கன்றை நட்ட சிறு தோட்டக்காரர் அன்று சட்டத்தை மீறியவர் ஆனார்!

சட்டப் புத்தகத்தில் இல்லாத குற்றங்களும் இருந்தன. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். இறங்காதவனுக்குத் தோட்டத்தில் இடம் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்து நெகிரி செம்பிலான் வரை பரவிய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து, சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கமும் ஒழிய வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்தப் போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது; அதை நடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

ஓடிப்போவது எப்படிக் குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது? 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. கடைசி ஒப்பந்தங்கள் 1913இல் முடிந்தன. கங்காணி மூலம் வந்தவர்கள் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்ற முறை நிலைபெற்றது. இந்தியாவில் கிளம்பிய எதிர்ப்பும், 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியகல்வுச் சட்டமும் நெருக்கியதால், 1920களின் தொடக்கத்தில் தொழிற் சட்டத்திலிருந்த சிறைத் தண்டனையும் விலகியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளியைக் கடனோடு கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் ஒழிந்ததும் இதே அலையில்தான். இந்தியாவில் 1859ஆம் ஆண்டுச் சட்டமும் 492ஆம் பிரிவும் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டன. உலகத் தொழில் நிறுவனம் 1939இலும் 1955இலும் செய்த உடன்படிக்கைகள், வேலை ஒப்பந்தத்தை மீறியதற்காகத் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று இதைப் பொது நெறியாக்கின.

ஓய்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1948 முதல் 1960 வரை நெருக்கடிக் காலம். பல வட்டாரங்களில் வேலி கடந்து சோறு கொண்டுபோவது குற்றமாயிற்று. பால் வெட்டப் போகிறவர்கள் பகல் உணவை மடித்துக் கட்டிச் செல்ல முடியவில்லை. காட்டில் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரும் என்ற அச்சம். அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி அவ்வாறே 1949 மே மாதம் 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டுகளில் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய பி. பி. நாராயணன், 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராகி, பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தார். எந்தக் கூட்டம் கலகம், எந்தக் கூட்டம் சங்கம் என்பதைப் பதிவுச் சீட்டு முடிவு செய்த காலம் அது.

நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். விடுப்பும் தக்க காரணமும் இன்றி, தகவலும் தர முயலாமல், தொடர்ந்து 2 வேலை நாள்களுக்கு மேல் வராத தொழிலாளி ஒப்பந்தத்தை மீறியவர் ஆவார் என்கிறது அது. விளைவு வேலை போகலாம் என்பது, சிறை அல்ல. முன்னறிவிப்பின்றி விலகுகிறவர் அந்தக் காலத்துக்குரிய சம்பளத்தை ஈடாகக் கட்ட வேண்டும். முதலாளி முன்னறிவிப்பின்றி நீக்கினாலும் அதே கணக்குத்தான். தண்டனையை விட்டு ஈட்டுக்கு வந்த இந்த வழி, மினாங்கபாவ் பெரியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றியிராது.

நீலாயிலும் சிரம்பானைச் சுற்றிலும் இருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள் ஆகிவிட்டன. எஞ்சிய தோட்டங்களில் நம்மவர் குறைவு. இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. சம்பளம் சரியில்லை என்று அவர்களில் ஒருவர் தோட்டத்தை விட்டுப் போனால், வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி அது ஒப்பந்த மீறல் மட்டுமே. ஆனால் ஆள் ஓடிவிட்டார் என்று முதலாளி புகார் கொடுத்து, அனுமதி ரத்தானால், குடிநுழைவுச் சட்டம் வருகிறது. செல்லத்தக்க அனுமதியின்றி நாட்டில் இருப்பவருக்கு அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.